ஒரு பக்கத்துக்கு மிகாமல்

சென்னையிலிருந்து சுற்றறிக்கை:
மாறிவரும் பொருளாதாரத்தில்
மாநில வரிவிதிப்பைச் சீர்திருத்துவது எப்படி?
ஒவ்வொரு சரகமும் கருத்து அனுப்புக,
வெள்ளி மாலை ஐந்துக்குள்,
ஒரு பக்கத்துக்கு மிகாமல்.

தங்கராஜ் சாலை அலுவலகத்தில்
மின்விசிறி கோப்புகளுக்கு மட்டும் காற்று வீசுகிறது.
இருபத்தோரு வருஷம் இந்த வேலை.
"மேற்படி பொருள் தொடர்பாக" என்று தட்டிவிட்டேன்.
அதற்குமேல் கர்சர்தான் துடிக்கிறது.

எழுதலாம்,
வாடிப்பட்டிக்கு இந்தப் பக்கம்
லாரிகளை மறித்த இரவுகளை.
தார்ப்பாயைத் தூக்கினால் தெரிந்துவிடும்:
வற்றல், ரப்பர் ஷீட், அடியில் கணக்கில் வராத டயர்.
அப்போது பொய்க்கும் எடை இருந்தது.
டார்ச் அணைந்தபின் கைமாறியதும் உண்டு.
அதை எழுத வேண்டாம்.

போன செவ்வாய் நெல்பேட்டையில் ஒரு கடை தேடினேன்.
பதிவுச் சான்றில் இருக்கிறது. கதவில் பூட்டு.
முகைதீன் பிச்சை மூன்றாவது மாடியில்,
மகள் படிக்கிற அறையில்,
வட்ட விளக்குக்கு முன்னால்
செல்லூர்த் துண்டுகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.
பார்ப்பவர்கள் நானூற்றுப் பதினாறு பேர்.
"சார், லைவ்ல இருக்கேன், ஒரு நிமிஷம்."
கேமராவில் விழாதபடி
சுவரோடு ஒட்டி நின்றேன்.
அரசாங்கத்துக்கு இப்போது அதுதான் இடம் போல.

துண்டு புனேக்குப் போகிறது, கௌஹாத்திக்குப் போகிறது.
வரியும் வால் பிடித்தபடி போகிறது
வாங்குகிறவர் ஊருக்கு.
தறிச் சத்தம் எங்கள் காதில்,
சாயத் தண்ணீர் எங்கள் வாய்க்காலில்,
பாரவண்டி உடைத்தது எங்கள் ரோடு.
பள்ளத்தை மூட யாரிடம் கேட்பது?
சுற்றறிக்கையை இரண்டு தரம் புரட்டினேன்.

பரோட்டாவுக்கு ஒரு பத்தி வைத்திருந்தேன்.
கல்லிலிருந்து இலைக்கு வந்தால் ஒரு விகிதம்,
உறைய வைத்துப் பொட்டலமானால் வேறொன்று என்று
இரண்டு வக்கீல்கள்
ஒரு மத்தியானம் முழுக்க வாதாடியதை.
ஜெயலூர்து மேடம் எட்டிப் பார்த்தார்:
"பசிக்குது சார். வேற எழுதுங்க."

நம் கையில் மிச்சம் என்ன?
பத்திரம். பெட்ரோல். பாட்டில். வண்டி.
நாலு விரல் மடங்கிற்று.
கட்டைவிரல் சும்மா நின்றது.

வியாழன் இரவு, மாட்டுத்தாவணி.
திருமங்கலம் பஸ் நிற்கிற இடத்தில்
பெத்தணன் கிடந்தார், ஒரு காலில் செருப்போடு.
பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்,
முகம் தெரியும்.
மல்லிகைக்கு வரி இல்லை.
அதைச் சுமந்த கூலிதான்
ராத்திரி பத்து மணிக்குள்
பாதிக்குமேல் கஜானாவுக்கு வந்துவிடுகிறது,
தினமும், ரொக்கமாக,
நோட்டீஸ் இல்லை, அவகாசம் கேட்பதில்லை.
என் சரகத்தில் நிலுவையே வைக்காத ஒரே ஆள்.
தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.
வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு.

வெள்ளி, நாலே முக்கால்.
ஒன்று, ஜீப் பழையது, மாற்றித் தரவும்.
இரண்டு, சிறு வியாபாரிக்குத் தமிழில் படிவம்,
படித்தால் புரிகிற தமிழில்.
மூன்று, நெய்த ஊருக்கும் வரியில் ஒரு பங்கு.
நான்கு என்று போட்டு
பெத்தணனைப் பற்றி ஒரு வரி எழுதினேன்.
அழித்தேன். மறுபடி எழுதினேன்.
பக்கம் இரண்டாகிவிட்டது.

எழுத்தைப் பொடியாக்கினேன்.
ஓரங்களை நெருக்கினேன்.
எல்லாம் உள்ளே வந்துவிட்டது.
அவர் மட்டும்
அடுத்த பக்கத்தில் கிடந்தார்,
ஒரு காலில் செருப்போடு.